முன்சில்லுச் சத்தமும் கராஜ் கணக்கும்

விசுவமடுவில் பிரதான வீதியை விட்டு எங்கள் கிரவல் ஒழுங்கைக்குள் காரைத் திருப்பியதும் முன் இடது சில்லுப் பக்கமிருந்து ‘டொக், டொக்’ என்று சத்தம் வரத் தொடங்கியது. பரந்தன் வீதியில் ஓடும்வரை ஒன்றும் தெரியாது. ஒழுங்கைக்குள் இறங்கினால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு குத்து. ஒரு கிழமை வானொலியைக் கூட்டி வைத்துச் சமாளித்தேன். பிறகு கிளினிக்குக்கு ஏற்றிப் போன வயதான அம்மா ஒருவர், “தம்பி, கீழ ஏதோ களண்டு கிடக்குது போல” என்றார். அன்றைக்கே கராஜுக்குப் போனேன்.

என்னுடையது சுசுகி அல்ட்டோ. லீசிங்கில் எடுத்தது, மாதத் தவணை 28,000 ரூபாய். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கும் கிளிநொச்சிக்கும் ஆட்களை ஏற்றி இறக்கி ஹயர் ஓடித்தான் அந்தத் தவணையைக் கட்டுகிறேன். கார் மூன்று நாள் கராஜில் நின்றால் அந்த மாதக் கணக்கு குழம்பிவிடும். இங்கே வாகனம் வைத்திருக்கும் பலருக்கும் நிலைமை இதுதான். அதனால் திருத்த வேலைக்கு என்ன விலை நியாயம் என்பதை அனுபவத்தில் அறிந்தபடி எழுதி வைக்கிறேன்.

முதல் கராஜில் பாஸ் காரை ஒழுங்கையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஜக் போடாமலே சொன்னார்: “அண்ணை, முன் ஷொக் ரெண்டும் போயிட்டுது. மவுண்டும் ஆர்மும் சேர்த்து மாத்தினாத்தான் சத்தம் நிக்கும்.” துண்டுக் கடதாசியில் கணக்கும் எழுதித் தந்தார். ஷொக் அப்சோபர் இரண்டு 44,000, மேல் மவுண்ட் இரண்டு 13,000, லோவர் ஆர்ம் இரண்டு 27,000, கூலி 12,000. மொத்தம் 96,000 ரூபாய். மூன்று மாதத் தவணைக்கும் மேல்.

பேரம் பேசினேன். 88,000 வரை இறங்கினார். அப்போது எனக்கு வெற்றி மாதிரித்தான் இருந்தது. இரவு படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான், எது பழுது என்று நாங்கள் இருவருமே பார்க்கவில்லையே என்பது உறைத்தது. பழுது எதுவென்று தெரியாத வேலைக்கு எட்டாயிரம் குறைத்து என்ன பயன்?

கிளிநொச்சியில் வயதான பாஸ் ஒருவர் இருக்கிறார் என்று ஒரு ஓட்டோக்காரர் சொல்லி அங்கே போனேன். அவர் முதலில் சொன்ன வார்த்தையே எனக்குப் பிடிக்கவில்லை. “பாக்கிறதுக்கு ரெண்டாயிரம். வேலையை என்னட்டச் செய்தால் அதைக் கூலியில கழிச்சு விடுவன். செய்யாட்டிலும் தர வேணும்.” பார்ப்பதற்கே காசா என்று மனம் கொதித்தது. திரும்பிப் போகவும் பெற்றோல் செலவு என்பதால் ஓம் என்றேன்.

அவர் முக்கால் மணித்தியாலம் பார்த்தார். முதலில் என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் இருந்து காது கொடுத்தார். சின்னக் குழிக்கா பெரிய குழிக்கா, பிரேக் பிடிக்கும்போதா, ஸ்டியரிங் முறிக்கும்போதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு ஜக்கில் ஏற்றி, சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். அடுத்து இரு பக்கமும் பிடித்து ஆட்டினார். கீழே படுத்து ஒவ்வொரு புஷ்ஷிலும் நீளக் கம்பியைக் கொடுத்து நெம்பினார். கடைசியில் என்னையும் கீழே குனிய வைத்து டோர்ச் அடித்துக் காட்டினார். இடது லோவர் ஆர்மின் பின் புஷ் கிழிந்து றப்பர் தொங்கிக்கொண்டிருந்தது. அதே ஆர்மின் போல் ஜொயின்ற்றும் ஆடியது. ஸ்டபிலைசர் கம்பியைப் பிடிக்கும் இரண்டு றப்பரும் தேய்ந்திருந்தன. ஷொக் இரண்டும் காய்ந்து சுத்தமாக இருந்தன. ஒயில் கசிவு இல்லை.

இடது ஆர்ம் 13,500, ஸ்டபிலைசர் றப்பர் இரண்டு 1,800, கூலி 4,000, சில்லு அலைன்மென்ட் 2,500. மொத்தம் 21,800 ரூபாய்.

முதல் பாஸைக் கள்ளன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊரில் பார்த்துச் சொல்வதற்கு ஒருவரும் காசு கொடுப்பதில்லை. “சும்மா ஒருக்காப் பாருங்கோ” என்றுதான் காரை விடுகிறோம். முக்கால் மணித்தியாலம் கீழே படுத்தவருக்கு ஒரு தேத்தண்ணிகூடக் கிடைக்காது. அப்படியானால் அவருடைய உழைப்பு எங்கிருந்து வரவேண்டும்? மாற்றும் சாமானிலிருந்துதான். எல்லாவற்றையும் மாற்றினால் சத்தம் நிச்சயம் நிற்கும், அவருக்கும் நாலு காசு மிஞ்சும், நாங்களும் கெட்டிக்கார பாஸ் என்போம். கூலியில் அடித்துப் பேரம் பேசினால் அந்தக் காசு சாமானின் தரத்தில் குறையும். ஆகவே விலையைக் கேட்கும்போது பழுது பார்க்க எவ்வளவு, சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். பார்ப்பதற்கான காசை முகம் சுளிக்காமல் கொடுங்கள். நான் கொடுத்த இரண்டாயிரம் எனக்கு அறுபதாயிரத்துக்கு மேல் மிச்சம் பிடித்துத் தந்தது.

கராஜுக்குப் போகமுன் நாங்களே கொஞ்சம் கவனிக்கலாம். காரின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷொக்கின் வேலை. ஷொக் போனால் கார் படகு மாதிரி ஆடும், ஷொக்கின் உடம்பில் ஒயில் பிசுபிசுக்கும். முன் மூலையை அமத்திவிட்டு விடுங்கள். ஒருதரம் எழும்பி நின்றால் பெரும்பாலும் நல்லது, மூன்று நாலுதரம் ஆடினால் சந்தேகம். சின்னச் சின்னக் குழியில் ‘டக டக’ என்று வந்தால் முதலில் ஸ்டபிலைசர் றப்பரையும், லிங்க் இருக்கும் கார் என்றால் அந்த லிங்கையும் பார்க்க வேண்டும். இவை மலிவான சாமான்கள். பிரேக் பிடிக்கும்போதும் எடுக்கும்போதும் ஒரு குத்து வந்தால் லோவர் ஆர்ம் புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முறிக்கும்போது முறுகும் சத்தம் வந்தால் மேல் மவுண்ட். ரயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். இவை முடிந்த முடிவல்ல. ஆனால் “எந்த நேரத்தில் சத்தம் வருகிறது” என்று தெளிவாகச் சொல்பவரை ஏமாற்றுவது கொஞ்சம் கடினம்.

ஒன்றை மட்டும் காசு பார்த்துத் தள்ளிப்போட வேண்டாம். போல் ஜொயின்ற் ஆடுகிறது என்றால் அடுத்த ஹயருக்கு முன்னரே மாற்றுங்கள். அது கழன்றால் ஓடும்போதே சில்லு மடிந்துவிடும். ஸ்டபிலைசர் றப்பர் அப்படியல்ல. சத்தத்தோடு ஒரு மாதம் ஓடலாம்.

ஷொக் மாற்றுவதென்றால் முன்னுக்கு இரண்டும் சோடியாக மாற்ற வேண்டும். அது நியாயமான கேள்வி. ஆனால் ஆர்முக்கும் புஷ்ஷுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை. ஆர்மோ ரை ரொட் என்ட்டோ மாற்றினால் அலைன்மென்ட் செய்யத்தான் வேண்டும். அந்தக் காசை மிச்சம் பிடித்தால் ரயரில் கொடுப்பீர்கள்.

புது புஷ் ஆறு மாதத்தில் கிழிந்துவிட்டது, சாமான் சரியில்லை என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வயதான பாஸ் அதற்கு வேறு காரணம் சொன்னார். கார் ஜக்கில் தொங்கும்போதே ஆர்மின் போல்ட்டை இறுக்கினால், காரை இறக்கியதும் றப்பர் முறுகியபடியே நிற்கும். அப்படியே ஓடினால் சீக்கிரம் கிழியும். சில்லு நிலத்தில் பட்டு, பாரம் வந்த பிறகுதான் கடைசி இறுக்கு. இதை நீங்கள் கேட்டுப் பார்த்தாலே பாஸின் வேலையும் தெரிந்துவிடும்.

அவர் வேலை பழகியது தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடிய காலம் அது. அப்போது புது புஷ் என்ற பேச்சே இல்லை, பழைய லொறி ரயரை வெட்டிக் கடைந்து போடுவோம் என்றார். மாற்றச் சாமான் இல்லாதபடியால் எது பழுது என்று துல்லியமாகக் கண்டுபிடிக்கத்தான் வேண்டியிருந்ததாம். எங்கள் அப்பாவும் அப்படி ஒட்டிப் பொருத்தி ஒரு லொறி வைத்திருந்தார். 2009இல் மாத்தளனில் விட்டுவிட்டு வந்தோம்.

சாமான் விலை ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடமும் எல்லோரும் பழைய வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓடினோம். ஆகவே இங்கே ஒரு கடையில் சொன்ன விலையோடு நிற்காமல், சேசி இலக்கத்தைச் சொல்லி கொழும்பு பஞ்சிகாவத்தையிலும் தொலைபேசியில் கேளுங்கள். இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார்கள். இந்தியச் சாமானா, சீனாவா, ரீகண்டிஷனா என்று கேட்டுத்தான் விலையை ஒப்பிட வேண்டும். இரும்புச் சாமானை ரீகண்டிஷனில் வாங்கலாம். ஷொக்கையும் றப்பரையும் போல் ஜொயின்ற்றையும் அப்படி வாங்குவது என் பார்வையில் காசைக் குளத்தில் போடுவது.

வேலை முடிந்ததும் கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். இதை வேலை தொடங்க முன்னரே சொல்லிவிட்டால் மனஸ்தாபம் வராது. சாமான் பெயரும் விலையும் எழுதிய பற்றுச்சீட்டும் வேண்டும். தெரிந்த பாஸிடம் துண்டு கேட்க எங்களுக்கு வெட்கம், அவருக்கும் நம்பிக்கையில்லையோ என்று கவலை. “லீசிங்குக்குக் கணக்கு வைக்க வேணும் அண்ணை” என்று நான் சொல்வேன். ஒருவரும் கோபித்ததில்லை.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா ஓட்டோ ஓடுகிறார். கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். ஒரே ஷொக் வேலைக்கு அவருக்கு ஒரு விலையும், அவருடைய தம்பி போய்க் கேட்டபோது வேறொரு விலையும் சொன்னார்கள். இப்போது அவர் விலையை வாயால் கேட்பதில்லை. கடதாசியில் சாமான் சாமானாக எழுதித் தரச் சொல்லி, அதைப் படம் எடுத்து இன்னொரு கராஜுக்குக் கொண்டுபோகிறார். எழுதும்போது விலை தானாக இறங்கும் என்று சிரிக்கிறார்.

பேசித் தீராத பிணக்கு என்றால் நுகர்வோர் விவகார அதிகார சபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் சாமானுக்கு மட்டுமல்ல, திருத்த வேலை போன்ற சேவைக்கும் பொருந்தும். வேலை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும், போட்ட சாமான் அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்கவும் வேண்டும். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் 1977. துண்டும் பழைய சாமானும் கையில் இல்லாமல் போனால் உங்கள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுத்தான் மிஞ்சும்.

என்னுடைய கிழிந்த ஆர்ம் இப்போதும் டிக்கிக்குள் கிடக்கிறது. போன மாதம் ஒயில் மாற்ற அந்த முதல் கராஜுக்குத்தான் போனேன், வீட்டுக்குக் கிட்ட என்பதால். பாஸுக்கு அதை எடுத்துக் காட்டினேன். புஷ்ஷை விரலால் நெம்பிப் பார்த்துவிட்டு, “பாக்க ஆர் அண்ணை காசு தருகினம்” என்றார். அடுத்தமுறை தருகிறேன் என்றேன்.