துளைகளின் வரலாறு

ஒரு கலவையைக் கூறுகளாகப் பிரிப்பது வேதியியலின் மிகப் பழைய சவால்களில் ஒன்று. 1906-ல் மிகயில் த்ஸ்வெத் என்ற ருஷ்யத் தாவரவியலாளர், சுண்ணக்கட்டித் தூளை நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றி, பச்சையும் மஞ்சளுமான பட்டைகளாக அது பிரிவதைப் பதிவுசெய்தார். ஒவ்வொரு நிறமியும் தூளோடு வெவ்வேறு அளவில் ஒட்டிக்கொள்வதே காரணம். இம்முறைக்கு அவர் குரோமட்டோகிராஃபி என்று பெயரிட்டார். நாம் நிறப்பிரிகை என்கிறோம்.

அதன்பின் நெடுங்காலம் பிரிகைக் குழாய் என்றால் நுண்மணிகளால் நிரப்பப்பட்ட குழாய் என்றே பொருள். இதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. திரவம் மணிகளுக்கு இடையே விரைந்து ஓடிவிடும். மணிகளுக்குள் இருக்கும் நுண்துளைகளிலோ அது ஏறக்குறைய அசையாமல் நிற்கும். மூலக்கூறுகள் அவற்றுள் மெல்லப் பரவித்தான் புகவேண்டும். சிறிய மூலக்கூறுகளுக்கு இது எளிது. புரதம் போன்ற பெரியவை பின்தங்கிவிடும், பட்டைகள் கலங்கும்.

மணிகளே இல்லாமல் குழாய் முழுவதையும் ஒரே பாலிமர்த் துண்டாக ஆக்கினால் என்ன? 1967-ல் ப்ராகின் பெருமூலக்கூறு வேதியியல் நிறுவனத்தில் குபீன் குழுவினர் அதைச் செய்து பார்த்தனர். ஓட்டோ விக்டர்லே மென்மையான கண்வில்லைகளை உருவாக்கிய அதே நிறுவனம். பாலிமரும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. கண்ணுக்கு இதமான அந்த நீர்க்கூழ் குழாய்க்கு உதவவில்லை. திரவம் அதனூடே மிக மெதுவாகவே கசிந்தது. அவ்வெண்ணம் கைவிடப்பட்டது.

அதே நிறுவனத்தில் பல்லாண்டுகள் பணியாற்றிய ஃப்ரான்டிஷெக் ஷ்வெட்ஸ், 1992-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ழான் ஃப்ரேஷேயுடன் இணைந்து இதற்கு விடை கண்டார். குறுக்குப் பிணைப்புகள் மிகுந்த, விறைப்பான பாலிமரை அவர்கள் தேர்ந்தனர். அதற்கான மூலப்பொருட்களோடு, வினையில் பங்கேற்காத ஆல்கஹால்களையும் கலந்து, குழாயை மூடிச் சூடாக்கினர். பாலிமர் திரண்டு திடமாகும்போது ஆல்கஹால்கள் ஒதுங்கி நின்றன. பிறகு அவற்றைக் கழுவி வெளியேற்றியபோது, அவை இருந்த இடங்கள் ஒன்றோடொன்று இணைந்த துளைகளாயின. இப்போது திரவம் துளைகளின் வழியாகவே ஓடியது. புரதங்களும் அந்த ஓட்டத்தோடே சென்றன. பரவலுக்காகக் காத்திருக்கும் தேவை பெருமளவு குறைந்தது.

இவ்வகைக் குழாய்க்கு மோனோலித், அதாவது ஒற்றைக்கல் என்று பெயர். சிறிய மூலக்கூறுகளைப் பிரிப்பதில் சிலிக்கா மணிகளை இது வென்றுவிடவில்லை. ஆனால் புரதம், டி.என்.ஏ., வைரஸ் ஆகியவற்றைத் தூய்மைப்படுத்துவதில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றுவிட்டது.

1967-ல் தோற்றது எண்ணமல்ல, அதற்குக் கிடைத்த பொருள். அறிவியல் வரலாற்றை வெற்றிகளின் வரிசையாக மட்டும் எழுதும்போது, இந்த வேறுபாடுதான் முதலில் மறைந்துபோகிறது.