ஆடியில் நட மறந்த சம்பங்கிக் கிழங்கு... ஐப்பசியில் நட்டா பூக்குமா?

போன தீபாவளிக்கு வீட்டை ஒதுங்க வைக்கும்போது, ஃப்ரிட்ஜுக்கு மேல இருந்து ஒரு மஞ்சப்பை விழுந்தது. உள்ளே 40 சம்பங்கிக் கிழங்கு. நிலக்கோட்டை பக்கம் இருந்த தோட்டத்தை விக்கிறதுக்கு முன்னாடி, ஆனி மாசம் அப்பத்தா தோண்டிக் கொடுத்தது. "ஏத்தா, ஆடி முடியிறதுக்குள்ள நட்டுப்புடு"ன்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. ஆடி, ஆவணி, புரட்டாசி எல்லாம் போயிருச்சு. தோட்டம் இப்போ பிளாட் ஆகிடுச்சு, மறுபடி கேட்டு வாங்கவும் வழியில்லை.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு பை இருக்கலாம். நர்சரியில ஆசையா வாங்கி, மண் கலவைக்கு நேரம் இல்லாம அப்படியே வெச்சிருப்பீங்க. தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

முதல்ல ஒரு பெயர்க் குழப்பம். மரத்துல பூக்கிற செண்பகத்தையும் சில ஊர்கள்ல சம்பங்கின்னுதான் சொல்றாங்க. நாம பேசுறது மாலையில கோக்கிற வெள்ளை நிலச்சம்பங்கி. மெக்சிகோவுல இருந்து வந்த செடி. இப்போ அது இல்லாம மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல ஒரு கல்யாண மாலை கட்ட முடியாது.

ஆடி கணக்கு எதுக்கு?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சம்பங்கி நடவுக்குச் சொல்ற பருவம் ஜூன், ஜூலை. அப்போ நட்டா, வடகிழக்குப் பருவமழை வர்றதுக்குள்ள வேர் பிடிச்சு, இலை வளர்ந்து நிக்கும். ஓங்கி மழை பெஞ்சாலும் தாங்கிக்கும். நட்ட 3, 4 மாசத்துல பூக்கத் தொடங்கும்.

லேட்டா நட்டா என்ன ஆகும்? கிழங்கு ஒரு டிபன் பாக்ஸ் மாதிரி. முளைச்சு வர்றதுக்கான சாப்பாடு உள்ளேயே இருக்கு. அதனாலதான் மண்ணே இல்லாம ஒரு மூலையில கிடந்தும் உயிரோட இருக்கு. ஆனா நாள் ஆக ஆக ஈரம் வத்தும், எடை குறையும். சில கிழங்கு பைக்குள்ளேயே முளைவிட்டு, இருக்கிற சாப்பாட்டைத் தின்னுடும். அதனால மொத சீசன்ல பூத்தண்டு குறைச்சலா வரும், குட்டையா வரும். நஷ்டம் பெரும்பாலும் அவ்வளவுதான். டூலிப் மாதிரி சம்பங்கிக்குக் குளிர்காலம் தேவையில்லைங்கிறதால, மதுரை வெயில்ல எந்த மாசமும் முளைக்கும்.

உண்மையான ஆபத்து காலண்டர்ல இல்லை, தண்ணியில இருக்கு. மதுரையில மழை கொட்டுறதே ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான். வேர் இல்லாத கிழங்கு, சொதசொதன்னு இருக்கிற மண்ணுல கிடந்தா ஒரே வாரத்துல அழுகிடும். கரிசல் மண்ணுன்னா இன்னும் மோசம்.

அமுக்கிப் பாருங்க

பையைக் கொட்டி ஒவ்வொரு கிழங்கையும் கையில எடுங்க. கட்டைவிரலால அமுக்கினா கெட்டியா இருக்கணும். மேல்தோல் சுருங்கி, காய்ஞ்சு இருந்தா பரவாயில்லை. பிசுபிசுன்னு அமுங்கினா, நாறினா, அடிப்பக்கம் கறுத்திருந்தா தூக்கிப் போட்டுடுங்க. ஒண்ணை வெச்சுப் பார்க்கலாமேன்னு பாவம் பார்த்தா, பக்கத்துல இருக்கிறதுக்கும் அழுகல் பரவும்.

நல்ல விதைக்கிழங்கு 2.5 முதல் 3 செ.மீ விட்டமும், 25 முதல் 30 கிராம் எடையும் இருக்கும். அதைவிடச் சின்னது மொத வருஷம் இலையோட நின்னுடும். அதுங்களைத் தனித் தொட்டியில போட்டு வளர விடுங்க. முளைவிட்ட கிழங்கை இனியும் காக்க வைக்காதீங்க. இன்னைக்கே நடுங்க.

என்கிட்ட இருந்த 40-ல 9 அழுகல். மீதி 31.

மொட்டை மாடின்னா 12 இஞ்ச் க்ரோ பேக் ஒண்ணுக்கு 3 கிழங்கு போதும். செம்மண், மணல், மக்கின தொழுவுரம் மூணும் சம அளவு. தேங்காய் நார்க்கழிவு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கும்கிறதால, மழைக்காலத்துல நான் அதைச் சேர்க்கலை. நுனி மேல பார்க்க, 2.5 செ.மீ ஆழத்துல வைங்க. ஆழமாப் புதைச்சா பத்திரம்னு தோணும், ஆனா முளை மேல வரத் திணறும். ஒரு தடவை தண்ணி ஊத்திட்டு, முளை எட்டிப் பார்க்கிற வரைக்கும் கையைக் கட்டிட்டு இருங்க. மேல் மண் காய்ஞ்சா மட்டும் லேசா தெளிச்சா போதும். அடைமழை நாள்ல பையைச் சன்ஷேடுக்கு அடியில இழுத்து வெச்சிட்டு, வெயில் வந்ததும் வெளியே கொண்டு வாங்க. தினமும் 6 மணி நேரமாவது வெயில் வேணும்.

தரையில நடுறவங்க பார் எடுத்து, பாரு மேல நடணும். வரிசைக்கு வரிசை 45 செ.மீ, கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ. கார்த்திகையில பள்ளமான இடம்னா, தை வரைக்கும் நிழல்ல காத்தோட்டமா பரப்பி வெச்சிருந்து நடுறதுதான் புத்திசாலித்தனம். வீட்டுக்காரங்க "இன்னுமா நடலை"ன்னு கேட்பாங்க. கேட்கட்டும்.

என் 31-ல 24 முளைச்சது. மாசியில 11 தண்டு பூத்தது. ராத்திரி மாடிக் கதவைத் திறந்தா அப்பத்தா தோட்டத்து வாசம். போன்ல போட்டோ அனுப்பினேன். "லேட்டா நட்டியாக்கும், தண்டு குட்டையா இருக்கு"ன்னு ஒரே பார்வையில கண்டுபிடிச்சிட்டாங்க.

மத்த கிழங்குகளுக்கு இதே கணக்கு செல்லாது

மழை லில்லிக்குக் கவலையே வேண்டாம். எந்த மாசம் நட்டாலும் ஒட்டிக்கும். கொஞ்ச நாள் காய்ஞ்சு கிடந்து, ஒரு மழை நனைச்சா அடுத்த சில நாள்ல பூத்திடும்.

சிவப்புப் பந்து மாதிரி மே மாசம் பூக்கிற ஃபுட்பால் லில்லி கொஞ்சம் பிடிவாதக்காரி. தை, மாசியில நடணும். மே தாண்டிட்டா அந்த வருஷம் இலை மட்டும்தான்.

செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கு, நம்ம மாநில மலர். அதுக்கும் ஜூன், ஜூலைதான் பருவம். ஐப்பசி வந்தும் முளைக்காம இருந்தா, காய்ஞ்ச மணல்ல வெச்சு அடுத்த ஆனிக்கு நடுங்க. நுனியில இருக்கிற முளை ஒடிஞ்சா செடி வராது, பார்த்துக் கையாளணும். முக்கியமா, அதுல கோல்சிசின்ங்கிற கொடிய நச்சு இருக்கு. சமையல் கிழங்குன்னு நினைச்சுச் சாப்பிட்டு உயிர் போனவங்க உண்டு. சமையலறையில, குழந்தைகள் கைக்கு எட்டுற இடத்துல வைக்கவே கூடாது. தொடும்போது கையுறை போட்டுக்கங்க.

அப்புறம் ஆன்லைன்ல வாங்கின டூலிப். குளிர்நாடுகள்ல இலையுதிர் காலத்துல நட மறந்தவங்க டிசம்பர், ஜனவரியில நட்டும் பூ பார்க்கிறாங்க. மண்ணே ஃப்ரிட்ஜ் மாதிரி சில்லுன்னு இருக்கிற ஊருங்க அது. பூத்தண்டு நீண்டு வர டூலிப்புக்கு 3, 4 மாசம் தொடர் குளிர் வேணும். ஸ்ரீநகர்ல 2007-ல் திறந்த இந்திரா காந்தி டூலிப் தோட்டத்துக்கு அது இயற்கையாவே கிடைக்குது. மதுரையில மார்கழி ராத்திரியே 20 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் இருக்கும். 12 வாரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுத்து முயற்சி பண்ணலாம். கூடவே ஆப்பிள், வாழைப்பழம் இருக்கக் கூடாது. பழத்துல இருந்து வர்ற எத்திலீன் வாயு உள்ளே இருக்கிற மொட்டைக் கருக்கிடும். அப்படியே பூத்தாலும் ஒரு தடவைதான், மறுவருஷம் வராது. அந்தக் காசுக்கு ஒரு கூடை சம்பங்கிக் கிழங்கு வாங்குவேன் நான்.

சம்பங்கியில இன்னொரு விஷயம். ஒரு தடவை பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. ஆனா சுத்தியும் குட்டிக் கிழங்கு போட்டுட்டுத்தான் போகும். பூ முடிஞ்ச தண்டை அடியோட வெட்டிட்டு, மாசம் ஒரு கை மண்புழு உரம் போட்டுட்டு வந்தா குத்து பெருசாகும். 3 வருஷம் அப்படியே விடலாம். அதுக்கப்புறம் இலை பழுக்கும்போது தோண்டி, பிரிச்சு, 30 நாள் நிழல்ல ஆறவெச்சு நடணும். ஆறவைக்க ஃப்ரிட்ஜ் மேல மட்டும் வேணாம். அங்க எப்பவும் சூடு.