குஸ்நெட்ஸ் வளைகோடும் திண்டுக்கல் சமவெளியும்

தமிழ்நாட்டின் பொருளாதாரம் 2024-25இல் 11.19 விழுக்காடு வளர்ந்தது. அதில் யாருக்கு எவ்வளவு சேர்ந்தது என்று கேட்பவர்கள் சைமன் குஸ்நெட்ஸ் 1955இல் வெளியிட்ட கட்டுரையைத் தவிர்க்க முடியாது. மக்கள் வேளாண்மையிலிருந்து தொழிலுக்குப் பெயரும்போது முதலில் ஏற்றத்தாழ்வு கூடும், பெரும்பாலோர் பெயர்ந்தபின் குறையும் என்றார் அவர். தம் கட்டுரையில் சான்று ஐந்து விழுக்காடுதான், மற்றது ஊகம் என்றும் அவரே எழுதினார். பாடநூல்கள் அந்த எச்சரிக்கையை விட்டுவிட்டு வளைகோட்டை விதியாக்கிவிட்டன.

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி வட்டத்துக் கீரனூர் தொடங்கி வேடசந்தூர் வரையிலான சமவெளியில் அந்த விதி செல்லவில்லை. இங்கு இடைவெளி சுருங்கிய இடங்களில் அதைச் சுருக்கியது, குறைந்த கூலியை வேண்டாம் என்று சொல்லத் தொழிலாளிக்குக் கிடைத்த பலமே என்பது என் வாதம்.

குஸ்நெட்ஸின் கணக்கில் பெயர்ச்சி ஒருவழிப் பாதை. மானாவாரிக் காட்டை விட்டு நூற்பாலைக்குப் போகும் இந்தப் பகுதியினர் ஊரை விட்டுப் போவதில்லை. மில் வண்டி வந்து ஷிப்டுக்கு ஏற்றிச் செல்கிறது, முடிந்ததும் ஊரிலேயே இறக்கிவிடுகிறது. கூலி ஆலையில் என்றாலும் வீடும் கடனும் சாதியும் ஊரில்தான். உடல் தளர்ந்தாலோ வேலை போனாலோ மறுபடியும் காட்டு வேலை.

சுமங்கலித் திட்டம் என்றும் காம்ப் கூலி என்றும் அழைக்கப்பட்ட ஏற்பாட்டில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. இளம்பெண்கள் ஆலை விடுதியிலேயே தங்கி மூன்றாண்டு உழைக்க வேண்டும். முடிவில் கல்யாணச் செலவுக்கென்று மொத்தத் தொகை கிடைக்கும். 50,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு 36 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 1,390 ரூபாய். அது ஆலை தரும் அன்பளிப்பாகப் பேசப்பட்டது. உண்மையில் அது மாதாமாதம் பிடித்து வைக்கப்பட்ட அவளுடைய கூலி. முப்பதாவது மாதத்தில் நோய் கண்டு ஊர் திரும்பியவள் அதை இழக்கவும் நேர்ந்தது. முழுதாகப் பெற்றவளுக்கும் அது வரதட்சணையாக வேறொரு வீட்டுக்குப் போனது. புள்ளிவிவரத்தில் அவள் தொழில்துறைக்குப் பெயர்ந்தவள்; வாழ்க்கையில் எங்கும் பெயரவில்லை.

ஆலைகளே வேண்டாம் என்பதல்ல என் நிலை. அவை ஆள் தேடியதால்தான் காட்டுக் கூலிக்கும் போட்டி வந்தது. ஆனால் போட்டி மட்டும் போதவில்லை. நூறு நாள் வேலைத் திட்டம் 2006 பிப்ரவரியில் தொடங்கியபோது தமிழ்நாட்டின் முதல் ஆறு மாவட்டங்களில் திண்டுக்கல்லும் ஒன்று. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்பது வயலில் அதுவரை பழகாத ஒன்று. ஆள் கிடைப்பதில்லை என்று நிலக்காரர்கள் குறைப்பட்டது, பண்ணையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டிருந்த பெண்ணுக்கு இன்னொரு வழி பிறந்ததற்கான சான்று. ரேஷன் அரிசியும் அவளுக்கு அதே பலத்தைத் தந்தது.

ஆலைக்குள் அந்தப் பலம் வரத் தாமதமாயிற்று. ஒரு பெண் தொழிலாளியின் கொலைக்குப் பின், 2022 ஏப்ரலில், தலித் பெண்கள் தலைமையேற்ற டி.டி.சி.யு. தொழிற்சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ செய்துகொண்டன. அந்நிறுவனத்திடம் ஆடை வாங்கும் எச் அண்டு எம் போன்றவையும் இதில் கட்டுப்பட்டன. தொழிலாளர்களிடையிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க எழுந்த இந்த ஏற்பாட்டை வருமான ஆய்வுகள் கணக்கில் கொள்வதில்லை. மேஸ்திரிக்குப் பயந்து நிற்பவள் கூலி உயர்வு கேட்க மாட்டாள் என்பதால் கொள்ளத்தான் வேண்டும்.

அளவீட்டிலும் சிக்கல் உண்டு. இந்திய அரசின் நுகர்வுச் செலவு ஆய்வின்படி, ஏற்றத்தாழ்வை அளக்கும் ஊரகக் கினி கெழு 2022-23இல் 0.266, மறு ஆண்டில் 0.237. ஏற்றத்தாழ்வு குறைந்துவிட்டது என்ற முடிவுக்கு இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் 2024 அறிக்கையோ, 1980களின் தொடக்கத்தில் தேச வருமானத்தில் ஏறக்குறைய 6 விழுக்காடு பெற்ற உச்சி ஒரு விழுக்காட்டினர் 2022-23இல் 22.6 விழுக்காடு பெற்றதாகக் கணிக்கிறது. செலவு வேறு, வருமானம் வேறு. மேல்தட்டினர் ஈட்டுவதில் பெரும்பகுதி செலவாவதே இல்லை. மாவட்டச் சராசரியும் அப்படித்தான் மறைக்கும். கீரனூர் ஜாகிர்ராஜாவின் ‘மீன்காரத் தெரு’ நாவல் ஒரே சமூகத்துக்குள் காட்டும் வர்க்க வேறுபாடு எந்தச் சராசரியிலும் அகப்படாது.

மாவட்டத்தின் வளர்ச்சிக் கணக்கை வெளியிடும் அதே பக்கத்தில் நூற்பாலைப் பெண்களின் நாள்கூலியையும் காட்டு வேலைக் கூலியையும் ஆண்டுதோறும் மாநில அரசு வெளியிட வேண்டும்.