சிலந்தி முட்டைக் குளவிகள்

சிலந்தியின் முட்டைக்குள் தம் முட்டையைச் செலுத்தி, அதன் கருவைத் தின்று வளரும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவிகள். சீலியோனிடே குடும்பத்தின் பேயஸ், இட்ரிஸ், செரட்டோபேயஸ், ஒடொன்டகோலஸ் ஆகிய பேரினங்கள் முதன்மையானவை. படைப்புழு முட்டைகளை அழிக்க வயலில் விடப்படும் டெலினோமஸ் இவற்றின் உறவினம்.

வகைப்பாடு: அயர்லாந்துப் பூச்சியியலாளர் அலெக்சாண்டர் ஹென்றி ஹாலிடே 1833-இல் பேயஸ் பேரினத்தை நிறுவினார். ஜெர்மானியரான ஆர்னால்டு ஃபர்ஸ்டர் 1856-இல் இட்ரிஸையும், அமெரிக்கரான வில்லியம் ஆஷ்மீடு 1893-இல் செரட்டோபேயஸையும் சேர்த்தனர். கடைசி இரண்டையும் பிரிப்பது செரட்டோபேயஸ் பெண்குளவியின் வயிற்று முதற்கண்டத்தில் எழும் கொம்பு. நீண்ட முட்டையிடு ஊசி உள்ளிழுக்கப்பட்டு இதற்குள் தங்குகிறது. பேயஸ் பெண்ணுக்கு இறகே கிடையாது. 1 மி.மீ.க்கும் குறைவான உருண்டை உடல், கடுகில் பாதிகூடத் தேறாது. இறகுள்ள ஆணை அருகில் வைத்தால் இரண்டும் ஒரே இனம் என்று நம்புவது கடினம். 2007-இல் சீலியோனிடே குடும்பம் பிளாட்டிகாஸ்டிரிடேயுடன் இணைக்கப்பட்டது. 2021-இல் மீண்டும் தனிக்குடும்பமாயிற்று, அதுவே சரி.

இந்த உடலமைப்புகளை, சிலந்தி தன் முட்டைகளைப் பொதிந்துவைக்கும் பட்டுறையைக் கடக்கும் வழிகளாகப் பார்த்தால்தான் வகைப்பாடு பொருள்படும். பேயஸ் தளர்வான இழைகளை விலக்கி நுழைந்து முட்டைகளிடையே நடமாடுகிறது. செரட்டோபேயஸ் தன் நீண்ட ஊசியால் உறைக்கு அப்பாலுள்ள முட்டையையும் எட்டுகிறது.

தாய்க்காவல்: ஆஸ்திரேலியாவில் யூகலிப்டஸ் பட்டைக்கடியில் வாழும் குளூபியோனா ரோபஸ்டா சிலந்தி, முட்டைகளோடு தன்னையும் பட்டு அறைக்குள் அடைத்துக்கொண்டு காவலிருக்கும். அம்முட்டைகளும் செரட்டோபேயஸுக்கு இரையாவதை ஆண்ட்ரூ ஆஸ்டின் 1980-களில் விரிவாக ஆராய்ந்தார். தாய்க்காவல் எறும்பு போன்ற கொன்றுண்ணிகளுக்கு எதிரானது. அமெரிக்கப் பச்சை லிங்க்ஸ் சிலந்தியை ஆராய்ந்த லிண்டா ஃபிங்க், தாய் நீக்கப்பட்ட முட்டைப்பைகளை எறும்புகள் கூடுதலாகச் சூறையாடியதைக் கண்டார். தன் கால்நுனியைவிடச் சற்றே பெரிய குளவியைத் துரத்தும் வல்லமை தாய்க்கு இல்லை. இக்னியூமோனிடே குடும்பத்தின் ஸாகிளிப்டஸ் குளவியோ தாயையே கொட்டி முடக்கிவிட்டு முட்டையிடும். அதன் புழுக்கள் முட்டைகளையும் தாயையும் சேர்த்தே உண்ணும்.

வளர்ச்சி: சீலியோனிடே இனங்களில் ஒரு சிலந்தி முட்டைக்கு ஒரு குளவி. புழு, கூட்டுப்புழு இரண்டும் அதே ஓட்டுக்குள். வெளிவரும் குளவி ஓட்டைக் கடித்து ஒழுங்கற்ற துளையிடும். காலியான பையைப் பிரித்தால் சிலந்திக்குஞ்சு வெளியேறிய மெல்லிய சுருண்ட தோல்களுக்கு நடுவே, வடிவம் குலையாமல் துளையோடு நிற்கும் ஓடுகள் குளவியின் அடையாளம்.

இந்தியாவில்: பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள அமைவனத்தில் இக்குழுவின் வகைப்பாட்டுப் பணி நடைபெற்றுவருகிறது.