மூர் மார்க்கெட்டின் கறிக்கூடம்

ரேணிகுண்டாவில் ஏறி, அரக்கோணத்தில் புறநகர் ரயிலுக்கு மாறிச் சென்னை சேர்பவர்கள் இறங்கும் நிலையத்துக்கு மூர் மார்க்கெட் வளாகம் என்று பெயர். மார்க்கெட் எங்கே என்ற கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம்.

1871இல் பம்பாயையும் மெட்ராஸையும் இணைத்த ரயில்பாதை ரேணிகுண்டா வழியாகத்தான் போனது. அதன் பம்பாய் முனையில் 1869இலேயே கிராஃபோர்ட் மார்க்கெட் எழுந்துவிட்டது. மெட்ராஸோ போப்ஹாம் துரை பிராட்வேயில் உண்டாக்கிய பழைய சந்தையிலேயே நெரிபட்டுக்கொண்டிருந்தது. (அந்தத் தெருவுக்கு இன்று ஆந்திர மாநிலத்தின் முதல் முதலமைச்சர் பிரகாசத்தின் பெயர்.) நெரிசலும் அழுக்கும் தாங்காமல், சந்தையைச் சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே கொண்டுபோக மாநகராட்சி முடிவெடுத்தது. 1898இல் அதன் தலைவர் ஜார்ஜ் மூர் அடிக்கல் நாட்டினார். எல்லிஸ் வரைந்து கொடுக்க, சுப்பிரமணிய ஐயர் கட்டினார். 40,000 சதுர அடி முற்றத்தைச் சுற்றிக் கடைகள். 1900இல் திறப்பு விழா.

மூர் மார்க்கெட் என்றதும் பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, புறா என்று எல்லோரும் பேசுவார்கள். பெரிய கட்டடத்தோடு இரண்டு சிறிய கட்டடங்களும் இருந்தன. ஒன்று பூவுக்கு, மற்றொன்று கறிக்கு. நகரத்தின் ஆரோக்கியத்துக்கு அந்தக் கறிக்கூடம்தான் முக்கியமானது என்பேன்.

வீடுகளில் ஐஸ்பெட்டி இல்லாத காலம். விடியலில் வெட்டிய ஆடு வெயில் ஏறுமுன் விற்றாக வேண்டும். கொக்கியில் தொங்கும் தொடைக்குக் காற்று வேண்டும், நிழல் வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் தேங்காமல் ஓடும் தரை வேண்டும். தெருவோரத்தில் இவை எதுவும் கிடைக்காது. கண்ட இடத்தில் வெட்டாமல், சென்னைவாசிகள் ஆட்டுத்தொட்டி என்று சொல்லும் இடத்தில் வெட்டி, சோதித்து, முத்திரை குத்தி விற்கும் ஒழுங்கும் இதே அக்கறையில் பிறந்ததுதான். நெஞ்செலும்பா, சுவரொட்டியா என்று கேட்டு, வெட்டுக்கட்டையில் ஒரே வீச்சில் பிரித்துத் தரும் கைகளுக்குப் பின்னால் தலைமுறைகளின் தேர்ச்சி இருக்கிறது. புத்தகம் தேடிப் போனவர்கள் நினைவுகளை எழுதி வைத்தார்கள். கறி வெட்டியவர்களிடம் கேட்டு எழுதியவர்கள் குறைவு. கூடம் மறந்துபோனது அதனால்தான்.

சென்ட்ரலில் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. ரயில்வேயின் பார்வை பக்கத்து நிலத்தில் விழுந்தது. தலைமுறையாகக் கடை போட்டிருந்த வியாபாரிகள் நகர மறுத்தார்கள். இழுபறி நீண்டது.

1985 மே 30. மூர் மார்க்கெட் பற்றி எரிந்தது. ரயில்வே கேட்ட அதே நிலத்தில், வியாபாரிகள் காலி செய்ய மறுத்த அதே கட்டடத்தில் தீ.

தானாக மூண்டதா, மூட்டப்பட்டதா?

(தொடரும்)