பரோசாவின் பழங்கொடிகள்

தெற்கு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகருக்கு வடகிழக்கே, காரில் ஒரு மணி நேரத் தொலைவில் பரோசா பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே தனுண்டா ஊரை ஒட்டிய ஒரு தோட்டத்தில் 1847இல் நட்ட ஷிராஸ் திராட்சைக் கொடிகள் இன்றும் காய்க்கின்றன. அடித்தண்டு மரமாகிவிட்டது. கொத்துகள் குறைவு, பழமும் சிறியது. ஆனால் சாற்றில் நிறமும் ருசியும் செறிந்திருக்கின்றன.

ஷிராஸின் பிறந்தகம் பிரான்ஸின் ரோன் ஆற்றுப்பகுதி. ஆஸ்திரேலியத் திராட்சை வளர்ப்பின் முன்னோடி ஜேம்ஸ் பஸ்பி 1831இல் பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் சேகரித்து சிட்னிக்கு அனுப்பிய நூற்றுக்கணக்கான கொடித்துண்டுகளில் இதுவும் இருந்தது. பரோசாவில் கொடி வளர்த்தவர்களில் பலர் சிலேசியாவிலிருந்து வந்த ஜெர்மானியக் குடியானவர்கள். தங்கள் லுத்தரன் வழிபாட்டில் பிரஷ்ய மன்னர் கைவைத்ததைப் பொறுக்காமல் கப்பலேறியவர்கள். 1842இல் பெத்தனி கிராமத்தை உருவாக்கினார்கள்.

வெயில் தாராளமான அந்த நிலத்தில் ஷிராஸ் நன்றாகக் கனிந்து இனிப்பேறுகிறது. அதனால் பரோசா ஒயின் கறுஞ்சிவப்பாக, வாயை நிறைக்கும் கனத்தோடு, பிளம், பிளாக்பெர்ரி, சாக்லேட் வாசனையோடு வருகிறது. பக்கத்திலேயே 400, 500 மீட்டர் உயரத்தில் உள்ள ஈடன் பள்ளத்தாக்கில் காற்று குளிர்ச்சி. அதே திராட்சை அங்கே மெலிந்து, பூமணமும் காரமும் காட்டும். விக்டோரியா மாநிலத்தின் கிராம்பியன்ஸ் மலைப்பகுதிக்குப் போனால் மிளகு வாசனை தூக்கலாகவே இருக்கும். இது வெறும் வர்ணனை இல்லை. ரோட்டண்டோன் என்ற பொருளே அந்த வாசனைக்குக் காரணம் என்று அடிலெய்டு ஆய்வாளர்கள் 2008இல் நிறுவினார்கள். மிளகுக்கு மணம் தருவதும் அதே பொருள்தான். முன்பே அது நம் வயல்களில் களையாக மண்டும் கோரையின் கிழங்கில் கண்டறியப்பட்டிருந்தது. ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை மூக்கில் ஏறுவதே இல்லை என்பதும் சோதனையில் தெரிந்தது.

இந்த ருசி இன்றுவரை தப்பி வந்ததே பெரிய கதை. வேரைத் தின்னும் ஃபிலாக்ஸெரா பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களை அழித்துவிட்டு, 1877இல் விக்டோரியாவின் ஜீலாங்கிலும் தென்பட்டது. தெற்கு ஆஸ்திரேலியா எல்லையில் கடுங்காவல் போட்டு, 1899இல் தனிச் சட்டமும் இயற்றியது. பூச்சி உள்ளே நுழையவில்லை. ஐரோப்பாவில் பெரும்பாலும் அமெரிக்க வேர்களில் ஒட்டுக்கட்டிய கொடிகளே மிஞ்ச, பரோசாவின் பழங்கொடிகள் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

ஆனாலும் நெடுங்காலம் அந்தப் பழம் பெரும்பாலும் சாராயம் சேர்த்த இனிப்பு ஒயினுக்கே போயிற்று. பென்ஃபோல்ட்ஸ் ஒயின் நிறுவனத்தின் மேக்ஸ் ஷூபர்ட் போர்தோ நகரில், பல்லாண்டு வைத்துக் குடிக்கும் சிவப்பு ஒயினைப் பார்த்துவிட்டு வந்து, 1951இல் ஷிராஸைப் புதிய அமெரிக்க ஓக் பீப்பாய்களில் ஊறவைத்தார். அதுதான் கிரேஞ்ச் என்ற ஒயின். ருசி பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். நசுக்கிய எறும்பு நாற்றம் என்றார் ஒருவர். 1957இல் நிறுத்தும்படி உத்தரவு வந்தது. ஷூபர்ட் மூன்று ஆண்டுகள் நிர்வாகத்துக்குத் தெரியாமல் தயாரித்தார். முதலில் செய்தவை பீப்பாய்க்குப் பின் புட்டியிலும் முதிர்ந்து மெருகேற, 1960இல் தடை நீங்கியது. அந்தப் பிடிவாதத்துக்கு ஆஸ்திரேலிய ஒயின் உலகம் மிகவும் கடன்பட்டிருக்கிறது.

கொடிகளுக்கு அடுத்த ஆபத்து அரசிடமிருந்தே வந்தது. 1980களின் நடுவில் திராட்சை தேவைக்கு மேல் விளைந்து விலை வீழ்ந்தபோது, கொடிகளைப் பிடுங்கினால் பணம் தரும் திட்டம் வந்தது. நூறாண்டு கண்ட ஷிராஸ் கொடிகளும் அதில் போயின. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, விவசாயிகளிடம் பழம் வாங்காதே என்று தான் வேலை பார்த்த ஒயின் நிறுவனம் இட்ட உத்தரவை மறுத்து, 1979இல் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார் பீட்டர் லேமன். அவரும் ராபர்ட் ஓ'கலஹன் போன்ற ஒயின் தயாரிப்பாளர்களும் பழங்கொடிகளின் பழத்தைத் தொடர்ந்து வாங்கியதால்தான் பல தோட்டங்கள் மிஞ்சின. 2009இல் பரோசா தன் கொடிகளை வயதுவாரியாகப் பதிவு செய்யத் தொடங்கியது: 35 கடந்தால் முதியது, 70 கடந்தால் தப்பிப் பிழைத்தது, 100 கடந்தால் நூற்றாண்டுக் கொடி, 125 கடந்தால் மூதாதை.