ஸ்டூல் மேல் ஏறிய நாய்

வீட்டு நாயைப் படம் எடுத்தவர்களுக்குத் தெரியும். நின்றபடி எடுத்தால் பெரிய தலையும் குச்சிக் கால்களுமாக ஏதோ ஒரு ஜந்துதான் வரும். ‘கீழே உட்கார்ந்து எடுப்பா’ என்பார்கள். அமெரிக்கக் கலைஞர் வில்லியம் வெக்மனுக்கு அந்த வசதி இல்லை. 1979இல் அவர் எடுக்கத் தொடங்கியது போலராய்டின் 20க்கு 24 அங்குலக் கேமராவில். எடை 100 கிலோவுக்கு மேல். அதைத் தரைக்கு இறக்குவதெல்லாம் ஆகிற காரியமா? நாயை மேலே ஏற்றினார்.

மேன் ரே என்ற அந்த வைமரானர் 1970 முதல் அவரோடு இருந்தது. எழுபதுகளின் கறுப்பு வெள்ளை வீடியோ ஒன்றில் அதற்கு ஸ்பெல்லிங் பாடம்கூட நடத்துவார், பாவம். ஸ்டூலில் ஏறியதும் கதை மாறியது. கண்ணும் லென்ஸும் ஒரே மட்டத்துக்கு வந்தன. நம்மை அண்ணாந்து பார்க்கிற பிராணி போய், எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருந்தது. சட்டென்று இறங்கி ஓடவும் முடியாது. படம் ஒன்றிரண்டு நிமிடத்தில் கைக்கு வந்துவிடும். தப்பைப் பார்த்து, விளக்கை நகர்த்தி, மறுபடி எடுக்கலாம். (பின்னால் வந்த நாய்களுக்குப் போட்ட கவுன், விக் எல்லாவற்றையும்விட எனக்கு இந்த ஸ்டூல்தான் பிடிக்கும்.)

ஆனால் 1979இல் மேன் ரேக்கு ஏற்கெனவே வயதாகியிருந்தது. பெரிய கேமராவுக்கு அது கிடைத்தது மூன்றே வருடம். 1982இல் செத்துப்போனது. அடுத்த நாய் ஃபே ரே வீட்டுக்கு வர 1986 ஆயிற்று.